குழாய் வாங்கப் போன இடத்தில் குப்லாய் கான்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருப்பவனுக்கு ரயிலைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்பது என்னுடைய நெடுநாள் கொள்கை. கரையோரப் பாதை எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால்தான் போகிறது. களுத்துறை வண்டி போனால் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். காலிக் கடுகதி போனால் சுவாமிப் படத்திலிருந்து பூ விழும். எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்து மனைவி சகுனம் சொல்லுவாள். கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரர் முதல் நாள் இரவு திடுக்கிட்டு எழும்பி, நிலநடுக்கமா என்று கேட்பார்கள். "இல்லை, அளுத்கம" என்று சொல்லிவிட்டு நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

இப்படிப்பட்ட ரயில் நிபுணன் சீனாவுக்குப் போய், மணிக்கு 350 கிலோமீற்றர் ஓடக் கட்டிய பாதையில் ஏறியதற்குக் காரணம் ரயில் அல்ல. குளியலறைக் குழாய்.

எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கிய காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் போகிறார்கள். வொஷர் மாற்றினோம், நூல் சுற்றினோம், அடியில் வாளி வைத்தோம். வாளி நிறைந்தால் எழும்பிப் போய் ஊற்றுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு உத்தியோகம் வேண்டுமல்லவா? கடைசியில் குளியலறையையே இடித்துக் கட்டுவது என்று மனைவி தீர்மானித்தாள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். நான் சொன்னேன். பிறகு அவள் தம்பியிடம் கேட்டு அதன்படி செய்தாள்.

தம்பிக்கு வீடு கொட்டாஞ்சேனை, கடை ஆமர் வீதிப் பக்கம். குழாய், பைப், தரை ஓடு என்று வீட்டுக்குள் தண்ணீர் போகவர என்னென்ன தேவையோ அவ்வளவும் விற்கிறான். "அத்தான், இந்தக் குழாயெல்லாம் எங்கே செய்யிறான் எண்டு தெரியுமோ? நான்-ஆன் எண்ட ஊர். ஊர் முழுக்கக் குழாய்தான். நான் எப்படியும் சரக்குப் பார்க்கப் போறன். அக்காவும் நீங்களும் வந்தால் நேரே பார்த்து எடுக்கலாம்."

"அது எங்கே இருக்கு?" என்றேன், கேட்கவேண்டுமே என்பதற்காக.

"சுவான்சௌ பக்கம்."

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். மைத்துனன் பயந்துபோனான். எனக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்து அக்காவைக் கூப்பிட்டான். அவள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்டுமில்லை, சரித்திரம் வந்திட்டுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

சரித்திரம் இதுதான். 1281ஆம் ஆண்டு, சித்திரை மாதம். சீனத்தைக் குப்லாய் கான் ஆண்டுகொண்டிருந்த காலம். சுவான்சௌ துறைமுகத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒருவர் சிவன் கோயில் ஒன்றை எழுந்தருளப் பண்ணி, அரசனுடைய உடல் நலத்துக்காக என்று தமிழில் கல்வெட்டும் பொறித்து வைத்தார். அடியில் சீன எழுத்து வரி ஒன்றும் இருக்கிறது. 1956இல் அந்தக் கல் கண்டெடுக்கப்பட்டது. மார்க்கோ போலோ உலகத்தின் மாபெரும் துறைமுகங்களில் ஒன்றென்று எழுதிய ஊர் அது; அரபிகள் சைத்தூன் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் நம்முடைய ஆள் ஒருவர் போய்க் கோயிலே கட்டியிருக்கிறார். இந்தச் செய்தியை நான் கலியாண வீடு, செத்த வீடு, தொடர்மாடிச் சங்கப் பொதுக்கூட்டம் ஆகிய எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். பொதுக்கூட்டத்தில் நான் எழும்பினாலே தண்ணீர்த் தாங்கி கழுவும் விஷயத்தை அவசரமாக நிறைவேற்றிவிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒரு சோடிக் கல் உண்டு. கொழும்பு அரும்பொருட்காட்சிச்சாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு. கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டுச் சீனத்திலேயே செதுக்குவித்துக் கொண்டுவந்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைத் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். அது 1911இல் எங்கே அகப்பட்டது தெரியுமா? காலியில், ஒரு மதகை மூடும் கல்லாக. எனக்கும் சரித்திரத்துக்கும் உள்ள தொடர்பு எப்போதும் கானும் குழாயுமாகத்தான் இருந்துவருகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே மனைவி குழாய் பார்க்கப் போனாள். நான் சிவனைப் பார்க்கப் போனேன். காசு என்னுடையது என்பதால் இரண்டும் ஒரே பயணமாக அமைந்தது.

இரண்டு விமானம் மாறி சியாமென் நகரத்தில் இறங்கினோம். மைத்துனன் முன்னாலேயே நான்-ஆனுக்குப் போய்விட்டான். சியாமென் வடக்கு நிலையத்தில் ரயில் ஏறி நாங்கள் தனியே சுவான்சௌ வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. "அக்கா இருக்கிறா, பயமில்லை" என்று தொலைபேசியில் சொன்னான். என்னிடம்தான் சொன்னான்.

மனைவி விடிய எழும்பி, கொழும்பிலிருந்து கொண்டுபோன சின்ன ரைஸ் குக்கரில் சோறு வைத்தாள். ஹோட்டல் குளியலறையில் நின்றுகொண்டே பருப்புக் கடைந்தாள். மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய், ஒரு பேணி பருத்தித்துறை வடை, குடிக்கத் தண்ணீர், எனக்குத் தடிமன் வந்தால் என்று ஒரு போத்தல் அவித்த கொத்தமல்லி. ரயில் பயணம் என்றால் அவளுக்கு யாழ்தேவிதான். 1956இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியில்தான் அவள் பிறந்த வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் இடையே வளர்ந்தாள். கோட்டையில் ஏறினால் பொல்காவலையில் முதல் பார்சல் அவிழும். மாகோ வருவதற்குள் எதிர்சீற்காரர் எந்த ஊர், எந்தக் குறிச்சி என்ற விசாரணை முடியும். அநுராதபுரம் தாண்ட, சாதகம் கைமாறும். 1990இல் அந்த ஓட்டம் நின்றது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மறுபடி போனது. நடுவே போன கால் நூற்றாண்டில் எத்தனை சம்பந்தம் கூடாமல் போனதென்று மனைவி கணக்கு வைத்திருக்கிறாள்.

சியாமென் வடக்கு நிலையத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தூக்கி உள்ளே வைத்தால், சாமான் வைக்கிற மூலையில் கிடக்கும். வாசலிலேயே பொதி சோதனை. அங்கு நின்ற இளம்பெண் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்பு நிறத் திரவம். குடித்துக் காட்டு என்று சைகை செய்தாள். மனைவி உடனே என்னைக் காட்டினாள். வருத்தம் எதுவும் இல்லாத ஒரு மனிதன், பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்க, ஆறிப்போன கொத்தமல்லித் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்ததை அந்த நிலையம் அதற்கு முன் கண்டிருக்காது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் கூடி, இன்னொரு மிடறு என்றாள்.

அடுத்தது படலை. அந்த நாட்டில் ரிக்கற் என்று கையில் எதுவும் தருவதில்லை. எங்கள் நிலையங்களில் நெடுங்காலம் புழங்கிய தடித்த மட்டை ரிக்கற்றை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பழகியவனுக்கு அது பெரிய குறை. கடவுச்சீட்டுத்தான் ரிக்கற். உள்ளூர்க்காரர் அடையாள அட்டையைத் தொட்டுவிட்டுத் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால், இரண்டும் சேர்ந்தால் ஒரு செய்யுளடி நீளம். இயந்திரம் அதைப் படிக்கத் தொடங்கி, யோசித்து, சிவப்பு விளக்கைப் போட்டது. சீருடை அணிந்த பெண் ஒருத்தி வந்து, என்னைக் கையைப் பிடித்து, தள்ளுவண்டிக் குழந்தைகளும் ஊன்றுகோல் கிழவர்களும் போகிற பக்கவழியால் அனுப்பிவைத்தாள். மனைவி முன்பே உள்ளே போய், என்னைத் தெரியாத மாதிரி நின்றாள்.

சம்பந்தப் பெருமாளுக்கு இந்தப் படலை இருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருக்கு வங்காள விரிகுடாவும், மலாக்கா நீரிணையும், தென்சீனக் கடலும் இருந்தன.

இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு ஆசனம். எங்களுடையது டி, எஃப். நடுவில் ஈ இல்லை. அந்த நாட்டு வண்டிகளில் அந்த எழுத்தை விட்டுவிடுவது வழக்கமாம். மனைவி அதை ஏற்கவில்லை. "ஈ எண்டு ஒரு ஆள் வரும், பாருங்கோ" என்று இரண்டு ஆசனத்துக்கும் நடுவே கைப்பையை வைத்து, வராத ஆளைக் கடைசிவரை நெருக்கி வைத்திருந்தாள்.

வண்டி புறப்பட்டது எனக்குத் தெரியாது. விசில் இல்லை, பச்சைக்கொடி இல்லை, குலுக்கல் இல்லை. வெளியே நின்ற தூண் தானாக நகரத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. ஜன்னல் திறக்க முடியாது. வாசலில் தொங்க முடியாது. "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று கூடையோடு ஏறும் ஆளும் இல்லை. கதவுக்கு மேலிருந்த பலகையில் ஒளியெழுத்தில் வேகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: 120, 180, 240. நான் மனைவிக்கு விளக்கத் தொடங்கினேன். பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜினுக்கு 350 கிலோமீற்றர் வேகப் பாதை திறந்தது 2008 ஓகஸ்ட்டில். அதற்கு ஜப்பான் 1964இலேயே வழிகாட்டிவிட்டது. ஆனால் சீனாவின் அதிவேகப் பாதைகள் எல்லாவற்றையும் 2024 முடிவில் சேர்த்து அளந்தால் 48,000 கிலோமீற்றர். பூமத்தியரேகையைச் சுற்றிக் கட்டிவிட்டு மிச்சமும் இருக்கும். இலங்கை முழுவதற்கும் இருப்பது 1,500 கிலோமீற்றர் வாக்கில். நாங்கள் போகிற இந்த பூசௌ-சியாமென் பாதை 2023 செப்டம்பர் 28இல்தான் திறந்தது, 277 கிலோமீற்றர், மூன்று விரிகுடாக்களை—

"இஞ்சேருங்கோ, அந்தப் பார்சலை எடுங்கோ."

மேலே வைத்த பையை எழும்பி இறக்கினேன். ஐந்து பிளாஸ்ரிக் பை, ஒன்றுக்குள் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மனைவி போட்ட முடிச்சு. அவள் முடிச்சுப் போட்டால் அவள்தான் அவிழ்க்க வேண்டும். முதல் முடிச்சு அவிழும்போது பலகையில் 300. இரண்டாவது அவிழும்போது கடல் வந்தது. வெள்ளவத்தையில் ரயில் கடலுக்குப் பக்கத்தால் போகும். இங்கே கடலுக்கு மேலால் போகிறது. சிப்பி வளர்க்கும் கழிகள், படகுகள், சேறு எல்லாம் கீழே ஓடி மறைந்தன. மூன்றாவது முடிச்சில் ஏதோ அறிவித்தல் கேட்டது. முன்சீற்காரர் எழும்பினார். பின்சீற்காரர் பெட்டியை இறக்கினார்.

"ஏன் எல்லாரும் எழும்பீனம்?"

"வந்திட்டுது."

"என்ன வந்திட்டுது?"

"சுவான்சௌ."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், இந்த ரயிலை நான்தான் இவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறேன் என்ற குற்றச்சாட்டு இருந்தது. "அரை மணித்தியாலமும் ஆகேல்லையே! அப்ப இந்தச் சோற்றை எப்ப சாப்பிடுறது?"

நியாயமான கேள்வி. அந்த நாட்டுப் பொறியியலாளர் யாரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு பயணம் என்றால் ஏறவேண்டும், இடம் பிடிக்கவேண்டும், வேர்க்கவேண்டும், பசிக்கவேண்டும், சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும், பக்கத்துக்காரர் தோளில் விழவேண்டும். இதெல்லாம் செய்ய அவகாசம் தராமல் ஆளை இறக்கிவிட்டால், போனோம் என்று யாருக்குச் சொல்வது?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வாடகைக் காரில் போகும்போது எனக்கு உறைத்தது. இந்த வண்டி எங்கள் வடக்குப் பாதையில் ஓடினால்? கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. 350 வேகத்தில் ஒன்றேகால் மணித்தியாலமும் ஆகாது. வெள்ளவத்தைத் தமிழனின் முழுக் குடும்ப அமைப்பும் தூரத்தின் மேல் நிற்கிறது. "நல்லூர்த் தேருக்கு வர ஆசைதான், பயணம்தான் கரைச்சல்" என்று இனிமேல் சொல்ல முடியுமா? மாமியார் காலையில் வல்லாரை பிடுங்கி, ரயில் ஏறி, எங்கள் வீட்டில் சம்பல் அரைத்து, என்னைக் குறை சொல்லி, பின்னேரம் விளக்கு வைக்க ஊருக்குத் திரும்பிவிடுவார். நாள்தோறும்! அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், சாமத்தியச் சடங்கு ஒன்றையும் தப்ப முடியாது. கொட்டாஞ்சேனைக்கே மாதம் ஒருமுறை போகிறவன் நான். அது 155 பஸ்ஸின் புண்ணியம். அதிவேக ரயிலுக்கு எதிராக இலங்கையில் போராட்டம் நடந்தால் கொழும்பு மருமகன்மார் சங்கம் முன்வரிசையில் நிற்கும். தலைமை தாங்க எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய சுவான்சௌ மேற்குத் தெருவில் கைய்யுவான் விகாரை இருக்கிறது. 686இல் தொடங்கியது. முற்றத்துக்கு இரு பக்கமும் இரண்டு கற்கோபுரம், 13ஆம் நூற்றாண்டினவை. ஒன்று ஏறத்தாழ 48 மீற்றர், மற்றது 44. சுற்றுலாக்காரர் எல்லாம் கோபுரத்தைப் படம் எடுக்க, நான் யாரையும் பார்க்காமல் பெரிய மண்டபத்தின் பின்புறம் போனேன். இருந்தன. பதினாறு பட்டையுள்ள கருங்கல் தூண் இரண்டு. எங்கள் கோயில் இடிந்த பிறகு கொண்டுவந்து நிறுத்தியவை. ஒரு வட்டத்துக்குள் நரசிம்மர். இன்னொன்றில் இரண்டு மருதமரத்துக்கு நடுவே கண்ணன். கோபியர் சேலையை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிய அதே கண்ணனும் உண்டு. கீழே மேடையின் அடியைச் சுற்றி எழுபதுக்கு மேற்பட்ட பலகைக் கற்களில் சிங்கங்கள்.

கொழும்பிலிருந்து இந்தக் கணத்துக்காக ஒரு உரை தயாரித்து வைத்திருந்தேன். கல்வெட்டின் நிழற்படப் பிரதியும் சட்டைப் பையில் இருந்தது. அதை விரித்துக் கம்பீரமாக வாசிப்பதாக ஏற்பாடு. 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் எனக்கு நிச்சயமாக அடையாளம் தெரிந்தது 'க'. ஆதலால் வாசிப்பை விட்டுவிட்டு விளக்கத்துக்குப் போனேன். "இஞ்சேரும், பாரும். எழுநூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தி..."

மனைவி தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கட பொன்னம்பலவாணேசர் கோயில் தூண் மாதிரி இருக்கு" என்றாள். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. அவள் தம்பியின் கலியாணம் அங்கேதான் நடந்தது. என்னுடைய உரையில் மூன்றாம் பக்கத்தில் வரவேண்டிய ஒப்பீட்டை அவள் எழுந்தமானமாகச் சொல்லிவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்து, கடைசி இரண்டு முடிச்சையும் அவிழ்த்தாள். விகாரை வளவுக்கு வெளியே, ஒரு ஆலமரத்தடியில், குப்லாய் கானின் துறைமுகத்தில் நாங்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டோம். பக்கத்தில் பேரனோடு இருந்த ஆச்சிக்கு மனைவி பருத்தித்துறை வடை கொடுத்தாள். ஆச்சி கடித்துப் பார்த்து, பேரனுக்குக் கொடுக்காமல் தானே முடித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலம் தேயிலை தந்தாள். அந்த மாவட்டத்து மலைகளில் விளையும் தியெகுவான்யின். நான் பதிலுக்கு, அன்பளிப்புக்கென்று கொண்டுபோன சிலோன் ரீ பக்கற்றைப் பெருமையாக நீட்டினேன். தேயிலைக்குப் பேர்போன நாட்டில் வயதான ஒரு பெண்ணுக்கு, 1867இல் இந்த வேலையில் இறங்கிய நாட்டவன் ஒருவன் தேயிலை கொடுத்தான். ஆச்சி நல்ல மனுஷி. வாங்கி வைத்துக்கொண்டாள்.

பின்னேரம் கடல்வழி அருங்காட்சியகம். 1959இல் தொடங்கியது. லிங்கத்துக்கு யானை தாமரை சாத்தும் கல் ஒன்று அங்கே இருக்கிறது, திருவானைக்காக் கதை. அதற்கு முன்னால் நின்றபோது எனக்குள் ஒரு பொறாமை எழும்பியது, ஒளிப்பானேன். இந்த மனுஷன் சம்பந்தப் பெருமாள் கடவுச்சீட்டு, கைத்தொலைபேசி, மைத்துனன் எதுவும் இல்லாமல் வந்து, பேரரசனிடம் அனுமதி வாங்கி, கல் எடுத்து, சிற்பியைப் பிடித்து, கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் நடத்தியிருக்கிறார். நான் அன்று காலை ஒரு போத்தல் தண்ணீர் வாங்க முடியாமல் நின்றவன். அங்கே பணத்தாளை நீட்டினால் கடைக்காரர் சில்லறை தேடுகிறார். எல்லாம் தொலைபேசியில் சதுரக்கோட்டைக் காட்டித்தான். என் அட்டை என் தொலைபேசியோடு ஒட்டவில்லை. மனைவியின் தொலைபேசியில் மைத்துனன் ஒரே நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டான். விளைவு, என் காசை நான் செலவழிக்க மனைவியின் பெருவிரல் தேவைப்பட்டது. கலியாணமான காலம்தொட்டு நடைமுறையில் இருந்த விஷயத்துக்கு இயந்திர வடிவம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. "ஒரு தனி மனுஷன், எப்பிடிச் சாதிச்சிருப்பார்?"

மனைவி யானையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவர் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டோ வந்தவர்?"

"கல்வெட்டில அப்பிடி ஒண்டும் இல்லை."

"அதுதானே. கோயில் கட்ட நேரம் கிடைச்சிருக்கு."

அடுத்த நாள் முழுவதும் குழாய். நான்-ஆனில் காட்சிக்கூடம் காட்சிக்கூடமாக நடந்தோம். கடை முழுக்கக் குழாய், சுவர் முழுக்கக் குழாய். பொன்னிறம், கறுப்பு, அன்னப்பட்சிக் கழுத்து, கையைக் காட்டினால் தானாக ஓடுவது. மைத்துனன் மொத்த விலை கேட்க, மனைவி கல்குலேற்றரில் ஒரு எண்ணை அடித்துக் காட்ட, கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேறு எண் அடிக்க, மனைவி வெளியே நடக்க, கடைக்காரர் பின்னால் ஓடிவர. வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் வாங்கும் அதே நாடகம். வசனம் மட்டும் இல்லை. இந்த ஊர் வணிகத்துக்குப் பேர்போனதென்று சொல்லி, யுனெஸ்கோ 2021இல் 22 இடங்களை உலக மரபாக அறிவித்ததை நான் எடுத்து விளக்கினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் அங்கால நில்லுங்கோ என்று கை காட்டினார்கள். கடைக்காரர் உட்பட.

குழாய் முடிவானதும் மனைவிக்கு நல்ல மனநிலை. சுன்பு என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனோம். சிப்பி ஓட்டால் சுவர் கட்டிய வீடுகள். பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைக்கிறார்கள். இப்போது வெளியூர்ப் பெண்களும் வந்து காசு கொடுத்து அந்த அலங்காரம் செய்து படம் எடுக்கிறார்கள். மனைவி கலியாணத்தன்று வைத்ததற்குப் பிறகு அவ்வளவு பூ வைத்து நான் பார்த்ததில்லை. அழகாய் இருக்கிறாள் என்று நினைத்தேன். சொல்லப் போன இடத்தில், செங் ஹோ 1417இல் இதே ஊரில் உள்ள முஸ்லிம் புனிதர் கல்லறையில் ஊதுபத்தி ஏற்றிப் பயணத்துக்கு வேண்டிக்கொண்ட கல் இருக்கிறது என்ற செய்தி வாயில் வந்துவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட இளவரசர் ஒருவரின் வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் உண்டு, 1996இல் அவர்களுடைய கல்லறைகளும் வெளிப்பட்டன என்பதையும் சேர்த்துக்கொண்டேன். படம் எடுத்த மைத்துனன், "அத்தான், வாயை மூடினால்தான் படம் சரிவரும்" என்றான்.

கடைசியாகச் செதியென் கிராமம். அங்கே ஒரு சின்னக் கோயிலில் நாலு கையோடு, காலடியில் அசுரன் கிடக்க, ஒரு அம்மன் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். நம்முடைய கோயில்களிலிருந்து போன காளி என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். ஊர்ச்சனம் குவான்யின் தெய்வமென்று கும்பிடுகிறது. ஊதுபத்தி, பழம், பூ எல்லாம் உண்டு. நான் சோழர் காலச் சிற்ப மரபிலிருந்து தொடங்கினேன். மனைவி காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்த பெண் கொடுத்த ஊதுபத்தியை வாங்கி, தலையில் சுன்புப் பூவோடு கண்ணை மூடி நின்றாள். நெடுநேரம் நின்றாள். நான் பக்கத்தில் நின்று, அசுரனின் கிடை பற்றிய பகுதியைக் குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்தேன்.

"என்ன நேர்த்தி வைச்சீர்?" என்று திரும்பும் ரயிலில் கேட்டேன்.

"சொல்லக் கூடாது."

குழாய்தான் என்று நினைத்தேன். இந்த முறை சோற்றுப் பார்சலுக்கு முடிச்சே போடாமல், ஆசனத்தில் உட்காரும் முன்பே திறந்துவிட்டாள். சியாமென் வர வாய் கழுவவும் நேரம் மிஞ்சியது.

கொழும்பு வந்து, கப்பலில் குழாய் வந்து, குளியலறை கட்டி முடிந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மைத்துனன் விஷயத்தை அவிழ்த்தான். அத்தான் இனி ஒரு வருஷத்துக்காவது சரித்திரம் கதைக்காமல் இருந்தால், அடுத்த முறை வந்து பட்டுச் சாத்துவதாக நேர்த்தியாம். மேசையைச் சுற்றி இருந்த அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. எழுநூறு வருஷமாகத் தமிழில் யாரும் வேண்டாத அம்மனுக்குத் தமிழ் எப்படி விளங்கியிருக்கும் என்று கேட்டேன். அதோடு விடாமல், அந்த அம்மன் கடல் கடந்து வந்த வழியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தொடங்கினேன்.

மனைவி எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "அம்மனுக்குத் தமிழ் விளங்கும். நான் கும்பிட்ட நேரம் முழுக்க நீங்கள் பக்கத்தில நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தால், அவவுக்கு என்னெண்டு கேக்கும்?"